ஒரு பக்கம்கூட ஓடவில்லை, ஜெபமும் வரவில்லை

கேள்வி: வணக்கம். எனக்கு 54 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடுதான் இருந்தேன். அம்மாவுக்கு ஆறு வருடமாக டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போய், நான்கு மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஜெபமாலை சொல்வதும் அங்கேதான், கதைப்புத்தகம் வாசிப்பதும் அங்கேதான். இந்த மே மாதம் அம்மா போய்விட்டார். ஆகஸ்டில் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இப்போது டவுனில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு இருக்கிறேன். சாமான் பிரித்ததில் தம்பியோடு மனஸ்தாபம், சிங்கப்பூரில் இருக்கிறான், பேச்சு இல்லை. எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர், ஆனால் சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழ் நேசன் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், நாலு வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எனக்கு வாசிப்பு வந்தது அப்படித்தான். இப்போது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. மற்ற புத்தகங்கள் இன்னும் பெட்டியில்தான் கிடக்கின்றன. ஜெபமாலையை எடுத்தால் கை கனக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, கோயிலில் எல்லார் முகத்திலும் சந்தோஷம். பி.இ.சி. (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழு) அக்காமார் "நல்லா ஜெபம் பண்ணு, பைபிள் வாசி, சரியாயிடும்" என்கிறார்கள். அம்மாவின் சிநேகிதி ஒரு பாட்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது, என் குரலைக் கேட்டாலே அழுகிறார், அதனால் அங்கும் போவதில்லை. கேரல் குழு வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறது. என் விசுவாசம் போய்விட்டதா? ஆறுதலுக்கு எதை வாசிப்பது? பெயர் போட வேண்டாம்.

பதில்: அக்கா, உங்களை அப்படியே கூப்பிடுகிறேன், என்னைவிட மூத்தவர் நீங்கள். நான் உளவள ஆலோசகர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவளும்கூட, அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேசுவேன். விசுவாசம் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. விசுவாசம் போகவில்லை. போயிருந்தால் ஜெபமாலையை எடுத்திருக்கவே மாட்டீர்கள், கை கனக்கிறது என்று ஓர் ஆளுக்கு எழுதியிருக்கவும் மாட்டீர்கள். உங்கள் ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் என்ன ஆனது என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், ஆனால் அதைப் போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த நாற்காலியைப் பற்றிய வரியைத்தான் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வருடம் என்றால் 900 தடவைக்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கண் புத்தகத்தில் இருந்திருக்கும், விரல் ஜெபமாலை மணியில் இருந்திருக்கும், காது மட்டும் உள்ளே இருந்திருக்கும்: மெஷின் சத்தம் போடுகிறதா, பிரஷர் இறங்கிவிட்டதா, நர்ஸ் கூப்பிடுகிறாரா என்று. ஒரு காரியத்தை ஒரே இடத்தில், ஒரே பயத்தோடு, இத்தனை தடவை செய்தால் உடம்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். இன்றைக்கு நீங்கள் தாமான் வீட்டில் புத்தகத்தைத் திறக்கிறீர்கள், உடம்பு உங்களை அந்த நாற்காலிக்குக் கொண்டுபோய்விடுகிறது, காது வராத ஒரு கூப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. அப்படி இருக்கும்போது பக்கத்தில் உள்ள எழுத்து எப்படி உள்ளே போகும்? ஜெபமாலைக்கும் இதே கதைதான். அந்த அருள்நிறை மந்திரங்கள் எல்லாம் "இன்றைக்கு அம்மா நல்லபடியாக எழுந்து வரட்டும்" என்று சொன்னவை. அதே மணிகளைத் தொட்டதும் கை கனக்கத்தான் செய்யும். இதற்குப் பெயர் விசுவாசக் குறைவு இல்லை, ஆறு வருடம் ஒழுங்காகக் காவல் இருந்தவளின் களைப்பு.

நோயாளியை நீண்ட நாள் பார்த்துக்கொண்டவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆள் போன பிறகும் உடம்பு ஷிஃப்ட் முடிந்ததை ஒத்துக்கொள்வதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், திங்கள் புதன் வெள்ளி என்று வாரத்துக்கு இருந்த ஒழுங்கும் இல்லாமல் போய்விடும். துக்கத்தில் முதலில் அடிவாங்குவது கவனமும் ஞாபகமும்தான், நன்றாகப் படித்தவர்களுக்கும் அப்படித்தான். உங்களுக்கு அதோடு பிறந்து வளர்ந்த வீடும் மூன்றே மாதத்தில் போயிருக்கிறது. அம்மா நடந்த வாசல், அப்பா பேப்பர் வாசித்த இடம், தோட்டத்துக் கெபி, எதுவும் இப்போது எட்டிப் பார்க்கக்கூட இல்லை. இது இரண்டாவது சாவு, இதற்கு யாரும் வந்து துக்கம் விசாரிக்க மாட்டார்கள், நான் விசாரிக்கிறேன்.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் கண்ணையும் பல்லையும்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். 54 வயதில் கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்குவது சகஜம், அதற்குமேல் துக்கமும் சேர்ந்தால் மனம்தான் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வோம். இந்த வாரமே கடையில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சரி, திருவருகைக் காலத்துக்கு வருகிறேன். கோயிலில் எல்லார் முகத்திலும் சந்தோஷம், நான் மட்டும் இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷம் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு உரியது, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்காரர்கள் நவம்பரிலேயே தொடங்கிவைத்தது. நாம் இருப்பது வேறு காலத்தில். குருவானவர் ஊதா நிற உடையில் வருகிறார், பூசையில் 'உன்னதங்களிலே' பாடுவதில்லை, முதல் ஞாயிறு வாசகங்களில் குழந்தையும் இல்லை மாடும் இல்லை. 2025 திருவருகைக் காலத்தோடு தொடங்கிய இந்தத் திருவழிபாட்டு ஆண்டு மத்தேயு நற்செய்தி வாசிக்கிற ஆண்டு, நவம்பர் 30ஆம் தேதி நாம் கேட்டது நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றி, விழிப்பாயிருங்கள், எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியாது என்று. மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிறவளுக்கு அந்த வாசகம் அந்நியமானதா? திருச்சபை வருடத்தில் நான்கு ஞாயிறுகளை ஒதுக்கி, இன்னும் வரவில்லை, இன்னும் இருட்டுதான் என்று வெளிப்படையாகச் சொல்ல இடம் வைத்திருக்கிறது. நீங்கள் காலத்துக்குப் புறம்பாக இல்லை அக்கா. அந்தக் கோயிலில் இந்தக் காலத்தை உள்ளபடி அனுசரிக்கிறவர்களில் நீங்களும் ஒருவர் என்று நான் நினைக்கிறேன்.

டிசம்பர் 14, மூன்றாம் ஞாயிறு, அன்றைக்கு மட்டும் கட்டாயம் போங்கள். அதைத்தான் மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள், ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அன்றைய நற்செய்தியைக் கவனமாகக் கேளுங்கள். திருமுழுக்கு யோவான் சிறையில் கிடக்கிறார். ஆற்றங்கரையில் நின்று மெசியா இவர்தான் என்று உலகத்துக்குக் கைகாட்டியவர், இப்போது ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்குக் காத்திருக்க வேண்டுமா? மகிழ்ச்சி ஞாயிறன்று, பீடத்தில் நின்று வாசிப்பது இந்தச் சந்தேகத்தைத்தான். அதற்கு இயேசு கோபித்துக்கொள்ளவில்லை, உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, நல்லா ஜெபம் பண்ணு என்றும் சொல்லி அனுப்பவில்லை. பார்வையற்றவர் பார்க்கிறார், கால் ஊனமுற்றவர் நடக்கிறார், நீங்கள் கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, பெண்களிடம் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவர் இல்லை என்கிறார். சிறையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதரைப் பற்றி, அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னது அது. இதைவிட நேரான பதில் உங்கள் கேள்விக்கு என்னிடம் கிடையாது.

யோவானை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் உங்கள் புத்தகக் கேள்விக்கு என் முதல் பதில். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3,615 பாடல்கள். முழுசையும் வாசிக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். அதில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். அம்மா எலிசபெத்தோடு காட்டில் வாழ்கிறான், அங்கே அந்த அம்மா இறந்துபோகிறார், மகன் மலர் பரப்பி அடக்கம் செய்துவிட்டு அழுகிறான். பைபிளில் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் எவ்வளவு உண்மை! அம்மாவின் வாய்ச்சொல்தான் எனக்கு மழையாக இருந்தது, இப்போது துளி இல்லாமல் மணி பிடிக்கும் முன்பே காய்ந்துபோன இளம்பயிர் ஆகிவிட்டேன் என்று புலம்புகிறான். அவன் அழுவதைக் கேட்டுக் காட்டில் மலர் பூத்த மரங்களும் பறவையும் வண்டும் சேர்ந்து அழுவது போல ஒலிக்கின்றன. யாரும் அவனிடம் வந்து சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, கூட அழுகிறார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தப் பாடல்கள் சொல்லுக்குச் சொல் பொருளோடு இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழு நூலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இருக்கிறது, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். பூசையில் டிசம்பர் 19இல் தொடங்கி, ஞாயிறு தவிர, லூக்கா முதல் அதிகாரம்தான் நாளுக்கு நாள் வரும், அதில் இதே எலிசபெத் கருவுற்று ஐந்து மாதம் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் இருந்தார் என்று ஒரு வரி வரும். பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்குள் இருந்துகொண்ட முதல் ஆள் நீங்கள் இல்லை.

இப்போது எப்படி வாசிப்பது என்பதற்கு வருகிறேன், எதை வாசிப்பது என்பதைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் தனியாக, மனத்துக்குள், உட்கார்ந்து வாசித்தீர்கள். அதனால் கொஞ்ச நாளைக்கு இந்த மூன்றையும் மாற்றிவிடுங்கள். தனியாக வேண்டாம், மனத்துக்குள் வேண்டாம், உட்கார்ந்துகூட வேண்டாம் என்றால் நின்றுகொண்டு வாசியுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது மனம் ஓடிப்போனாலும் குரல் நிற்காது, காதுக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும், நர்ஸ் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த அதே காது இப்போது உங்கள் குரலையே கேட்கும். இது உங்களுக்குப் புதுசா என்ன? உங்கள் அப்பா செய்ததுதானே. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து ஸ்டோரில் சேர்த்துவிட்டு வந்த மனிதர் சாயங்காலம் நாலு வீட்டுக்கும் சேர்த்து வாசித்தார். நாள் முழுக்க உடைந்த உடம்புக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்திருக்க வேண்டும்! தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது, ஆனால் உங்களுக்குக் குரல் இருக்கிறது.

யாருக்கு வாசிப்பது? அந்தப் பாட்டிக்கு. உங்கள் குரலைக் கேட்டால் அழுகிறார் என்று போகாமல் இருக்கிறீர்கள். அழட்டும் அக்கா, அவருக்கும் சிநேகிதி போய்விட்டார், தோட்டமும் போய்விட்டது, கண்ணும் போய்விட்டது, அழுவதற்கு ஆள்கூட இல்லாமல் இருக்கிறார். வெறுங்கையோடு போய் எதிரே உட்கார்ந்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் தவிப்பீர்கள், அது உண்மைதான், அதனால்தான் புத்தகத்தோடு போகச் சொல்கிறேன். அவர் கிறிஸ்தவரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, அது முக்கியமும் இல்லை. அகிலன் இங்கே வந்து தோட்டங்களைப் பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' உங்கள் பெட்டியில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். பால் வெட்டிய பாட்டி சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், எங்கள் டிவிஷனில் அப்படி இல்லை, எங்கள் கங்காணி இப்படிச் செய்தான் என்று குறுக்கே பேசுவார், பேச விடுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பக்கம் ஓடினாலும் போதும். அந்தக் குறுக்குப் பேச்சில் உங்கள் அம்மாவின் இளவயசுக் கதைகள் வரும், வேறு எங்கும் உங்களுக்கு அவை கிடைக்காது.

எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். ஒன்று மட்டும். முன்பே வாசித்து முடிவு தெரிந்த புத்தகமாக எடுங்கள், துக்கத்தில் இருக்கிற மனத்துக்கு அடுத்து என்ன ஆகுமோ என்கிற கதை ஆகாது, ஆறு வருடம் அதே கேள்வியோடு இருந்தாயிற்று. தெரிந்த கதையில் கவனம் நழுவினாலும் வழி தப்பாது. நோய், ஆஸ்பத்திரி, சாவைப் பற்றிய அனுபவ நூல்களை இப்போது தொட வேண்டாம், நல்லது என்று யார் கொடுத்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள். முப்பது நாளில் மகிழ்ச்சி, கவலையை வெல்வது எப்படி வகையும் வேண்டாம், அவை வாசிக்கிறவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போய்விடும். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் வசனப் படங்களை, அனுப்புகிறவர் மனம் நோகாமல், திறக்காமல் விடலாம்.

பைபிளில்? திருப்பாடல்கள். 150இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பல்தான், ஆனால் நம் பாட்டுப் புத்தகத்திலும் கூட்டங்களிலும் அவை அவ்வளவாக வருவதில்லை. 13ஆவது சின்னது, எத்தனை நாள் ஆண்டவரே என்று கேட்கும். 88ஐயும் வாசியுங்கள், அது நம்பிக்கை பக்கம் திரும்பவே திரும்பாது, கடைசி வரிவரை இருட்டுதான். அப்படி ஒரு பாடலை எடுத்துவிடாமல் பைபிளிலேயே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பல நாள் தெம்பு கொடுத்திருக்கிறது. எசாயா 40ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை அதற்குப் பிறகு எடுங்கள், அங்கே கடவுள் மக்களைப் பார்த்து ஆறுதல் அடையுங்கள் என்று கட்டளையிடவில்லை, அவர்களுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று மற்றவர்களுக்கு வேலை கொடுக்கிறார். உங்கள் பி.இ.சி. அக்காமாருக்கு உரிய வசனம் அது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கு அந்த நாற்காலி தெரியாது. வேலை கேட்டுத்தான் நிற்கிறார்கள், கொடுத்துவிடுங்கள்: "அக்கா, எனக்கு இப்போ ஜெபமாலை வரல. நீங்க வந்து சொல்லுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆறு வருடம் அம்மாவுக்காக நீங்கள் சொன்னீர்கள், அம்மாவால் முடியாத நாளில் அது அம்மாவின் ஜெபமாகவும் ஆயிற்று. இப்போது உங்களுக்காக வேறொரு வாய் சொன்னால் கடவுளுக்குக் கணக்கு குழம்பாது.

பூசைக்குப் போனால் பின் வரிசையில், கதவுப் பக்கம் உட்காருங்கள், பாட்டு தாங்கவில்லை என்றால் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம். பாட வேண்டாம், பதில்கூடச் சொல்ல வேண்டாம். ஃபாதரிடம் சொல்லி அம்மா பெயருக்கு ஒரு பூசைக் கருத்து இந்த நான்கு வாரத்துக்குள் வையுங்கள், அந்தப் பெயரைக் கோயிலில் சத்தமாக ஒருவர் வாசிக்கக் கேட்பது தேவை.

பீடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை வளையம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அதன் கதையைச் சொல்கிறேன், உங்கள் வாசிப்புக்கு உதவும். 1839இல் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில், யோகான் ஹின்ரிஹ் விகர்ன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் இன்றைக்கா நாளைக்கா என்று பிள்ளைகள் நச்சரிக்க, அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாள்களுக்கு இருபது சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி வைத்தார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் ஏற்றுவது. காத்திருக்கத் தெம்பில்லாத பிள்ளைகளுக்காகச் செய்தது அது. வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வையுங்கள், சாயங்காலம் ஏற்றுங்கள், அன்றைய ஒரு பாட்டையோ ஒரு பக்கத்தையோ வாய்விட்டு வாசியுங்கள், அணைத்துவிடுங்கள். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நன்றாக ஓடுகிறதே என்று பத்து நிமிஷம் போகிற நாளில், மறுநாள் ஓடவில்லை என்றால் மனம் உடைந்துபோகும், அதனால்தான் சொல்கிறேன். விட்டுப்போன நாளைச் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம்.

கேரல் குழு விஷயம் எளிது. துக்கம் நடந்த வருடம் நம் வீடுகளில் பண்டிகை வைப்பதில்லை, தீபாவளிக்கும் அப்படித்தான், கிறிஸ்துமஸுக்கும் பல குடும்பங்களில் அப்படித்தான், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் முழுசாக வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள், கிதாரும் கைதட்டலும் தொப்பியும் இல்லாமல், நாலைந்து பேர் மட்டும் வந்து, அம்மாவுக்குப் பிடித்த ஒரே பாட்டை மெதுவாகப் பாடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமா? அதற்கு மனம் சரி என்றால் குழுத் தலைவருக்கு இதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற ஒரே வரி போதும், விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. முறுக்கு, நெய்யுருண்டை எதுவும் இந்த வருடம் சுட வேண்டாம், வாங்கவும் வேண்டாம், கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பியை டிசம்பர் 25க்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே கெடு வைக்காதீர்கள். சாமான் சண்டையில் பாதி, அம்மா போன கோபம், அவருக்குக் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. சாமானைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், அம்மா கல்லறைக்கு எந்த நாள் போகப் போகிறீர்கள் என்று மட்டும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால் நல்லது, வராவிட்டாலும் அனுப்பியது வீண் இல்லை.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்டது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மா போய் ஏழு மாதம்கூட ஆகவில்லை, அழுவதும் கவனம் இல்லாததும் நோய் கிடையாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க எதிலும் ஒட்டாமல் இருந்தால், சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்தால், மூன்று மணிக்கு விழித்தபின் தூக்கமே வராத இரவுகள் கூடிக்கொண்டே போனால், அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). போய் வெறும் தலைவலி என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பிவராமல், அம்மா இறந்ததையும் தூக்கத்தையும் சொல்லுங்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு குறைவு, ரத்தச்சோகை இரண்டுமே இதே மாதிரி களைப்பையும் மறதியையும் கொண்டுவரும், உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். தேவைப்பட்டால் அங்கிருந்தே மெந்தாரி மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அது சுகாதார அமைச்சின் மனநல சேவை. தனியார் ஆலோசகரிடம் போவதென்றால் 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நான் இருந்து என்ன பிரயோசனம், அம்மாவோடேயே போயிருக்கலாம் என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்கே, அந்த நேரமே பேசுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஜெபக்குறைவால் வந்த நினைப்பு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஒரு காரியத்தை மட்டும் இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள்: 25ஆம் தேதி மத்தியானம் எங்கே சாப்பிடுவது. தனியாக இருப்பவர்களுக்குப் பண்டிகையில் கஷ்டமான நேரம் அதுதான், காலையில் பூசை இருக்கிறது, சாயங்காலம் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், நடுவில் அந்த இரண்டு மூன்று மணி நேரம் வீடு சும்மா கிடக்கும். பி.இ.சி. அக்காமாரில் கேள்வி அதிகம் கேட்காத ஒருவர் இருப்பார், அவர் வீட்டுக்கு வருகிறேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போது இரண்டு பேருக்கும் சங்கடம் இருக்காது. இல்லை, சோறு பொங்கி எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போவேன் என்றால் அது இன்னும் நல்லது, அவருக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் முள் குறைவான மீனாக வாங்கிக்கொள்ளுங்கள்.